நாடா போய்த் திரும்ப வேண்டும்: பெற்றோர் கையிலுள்ள போனும் பிள்ளைகளோடான நேரமும்

"எப்பப் பார்த்தாலும் போனுங்க இவன்" என்ற குறையைக் கோவையிலோ ஈரோட்டிலோ எந்தக் குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் கேட்கலாம். குழந்தை திரை பார்ப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதற்கு அளவும் சொல்லியிருக்கிறார்கள். 2 வயது வரை உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பைத் தவிரத் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் பரிந்துரை.

குழந்தையோடு இருக்கும் பெரியவர் திரை பார்ப்பது இன்னொரு விஷயம். அதற்கு இப்படி ஒரு மணிக்கணக்கு கிடையாது. அதனால்தான் அதைப் பற்றிய பேச்சு இரண்டு ஓரங்களில் போய் நிற்கிறது. ஒருபக்கம், "அம்மா போன் பார்த்தா பிள்ளைக்கு ஆட்டிசம் வரும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தல். அது தவறு. ஆட்டிசம் கருவிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சி சார்ந்தது, பெற்றோரின் போனால் வருவதில்லை. மறுபக்கம், "பக்கத்துலதானே உக்காந்திருக்கேன், பிள்ளைக்கு என்ன கொறச்சல்?" என்ற சமாதானம். பக்கத்தில் இருப்பதற்கும் சேர்ந்து இருப்பதற்கும் இடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுமே தேவைப்படாது.

தறியிலிருந்து தொடங்குவோம்

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. பாவு நூல் நீளவாக்கில் விறைப்பாக நிற்கும். நாடா என்பது ஊடை நூலைச் சுமக்கும் கட்டை. அது நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும். அங்கிருந்து திரும்பி வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் துணி ஒரு இழை அளவு வளரும். பாவு எவ்வளவு உயர்ந்த நூலாக இருந்தாலும், நாடா ஓடாவிட்டால் துணி கிடையாது.

குழந்தையின் பேச்சும் நம்பிக்கையும் இப்படித்தான் வளர்கின்றன. ஆறு மாதக் குழந்தை "ங்கா" என்கிறது. அம்மா அதன் முகத்தைப் பார்த்து "என்ன சாமி, பசிக்குதா?" என்கிறாள். குழந்தை காலை உதைத்து மறுபடி "ங்கா" என்கிறது. நாடா ஒருமுறை போய்த் திரும்பிவிட்டது. இந்தப் போக்குவரத்துக்குக் கொடுக்கல் வாங்கல் என்று இந்தக் கட்டுரையில் பெயர் வைத்துக்கொள்வோம்: குழந்தை ஒன்று கொடுக்க, பெரியவர் உடனே, அதற்குப் பொருத்தமாக ஒன்றைத் திருப்பித் தருவது.

'உடனே', 'பொருத்தமாக' என்ற இரண்டு சொற்களும் முக்கியம். அமெரிக்காவில் 4 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளிடம் நடத்தி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தையின் காதில் மொத்தம் எத்தனை சொற்கள் விழுந்தன என்பதைவிட, எத்தனை முறை பேச்சு மாறி மாறிப் போய்வந்தது என்பதோடுதான் மூளையின் மொழிப் பகுதியின் இயக்கம் நெருக்கமாகப் பொருந்தியது. நாள் முழுக்க டிவி பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே நாடா திரும்பி வருவதுதான் இல்லை.

மயிலும் விரலும்

ஏறக்குறைய 9 மாதம் முதல் 1 வயதுக்குள் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. காட்டோரத்தில் மயில் நிற்கிறது. குழந்தை விரலை நீட்டுகிறது. மயிலைப் பார்க்கிறது, திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது, மறுபடி மயிலைப் பார்க்கிறது. நீங்களும் மயிலைப் பார்க்கிறீர்களா என்று சரிபார்க்கிறது. இப்படி இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்த்து, இருவரும் பார்க்கிறோம் என்பதையும் அறிந்திருக்கும் நிலைக்குக் கூட்டுக் கவனம் என்று பெயர். அந்த நொடியில் "ஆமா கண்ணு, மயிலு!" என்று காதில் விழும் சொல், அந்தப் பறவையின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. மயில் பறந்துபோன பிறகு, போனிலிருந்து தலையைத் தூக்கி "என்ன சொன்ன?" என்று கேட்டால் ஒட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

இதுவரை பார்த்தது: குழந்தை வளர்வது மாறி மாறிப் போய்வரும் சின்னச் சின்ன ஓட்டங்களால். அவை நொடிக் கணக்கில் நடப்பவை. நேரம் தவறினால் அந்த ஓட்டம் போய்விடும், அடுத்தது வரும்.

நூல் அறுவது

விசைத்தறியில் ஊடை அறுந்தால் தறி நிற்கும். கவனிக்காமல் அப்படியே மறுபடி ஓட்டினால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். ஒரு கோட்டால் துணி பாழாகிவிடாது. முழத்துக்கு நாலு கோடு என்றால் அது தரம் குறைந்த சரக்கு.

பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் நேரத்தைப் போன் போன்ற கருவிகள் இப்படி இடையிடையே அறுப்பதற்குத் தொழில்நுட்பக் குறுக்கீடு என்று பெயர். இதை அளந்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களான பிராண்டன் மெக்டேனியலும் குழந்தை மருத்துவர் ஜெனி ராடெஸ்கியும். இவர்கள் 170 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வில், பெற்றோரில் ஏறக்குறைய பாதிப் பேர் சாதாரண நாளில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குறுக்கீடுகள் நடப்பதாகச் சொன்னார்கள். மொத்த மணிநேரத்தை மட்டும் எண்ணினால் படம் தவறிவிடுவது இதனால்தான். மதியம் பிள்ளை தூங்கும்போது ஒரு மணி நேரம் போன் பார்ப்பதும், இரவு பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு நிமிடமாக முப்பது தடவை பார்ப்பதும் போனின் கணக்கில் ஒரே ஒரு மணி நேரம். பிள்ளையின் கணக்கில் முதலாவது ஒன்றுமே இல்லை. இரண்டாவது முப்பது அறுப்பு.

முகம் உறைந்தால் என்ன ஆகும்?

1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். அம்மா சில நிமிடம் குழந்தையோடு வழக்கம்போல் கொஞ்சிப் பேசுவார். பிறகு இரண்டு மூன்று நிமிடம் குழந்தையைப் பார்த்தபடியே, முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருப்பார். பிறகு பழையபடி பேசுவார். இது அசையா முகச் சோதனை. நடு நிமிடங்களில் குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சிணுங்கும்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு, இதே சோதனையில் அசையாத முகத்துக்குப் பதிலாகப் போன் பார்க்கும் அம்மாவை வைத்தது. 7 மாதம் முதல் ஏறக்குறைய 2 வயது வரையுள்ள குழந்தைகள். அம்மா போனில் இருந்த நேரத்தில் குழந்தைகளின் மகிழ்ச்சி குறைந்தது, தவிப்பு கூடியது. வீட்டிலும் வழக்கமாக அதிகம் போன் பார்ப்பதாகச் சொன்ன அம்மாக்களின் குழந்தைகள், அம்மா போனைக் கீழே வைத்த பிறகும் பழைய கலகலப்புக்கு அவ்வளவாகத் திரும்பவில்லை. கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. பழகிவிட்டால் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறோம். மீண்டு வருவதுதான் கடினமாகிறது.

திரையா கெடுக்கிறது?

இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்தால் விடை தெளிவாகும். இரண்டிலும் கேத்தி ஹெர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் என்ற ஆய்வாளர்களுக்குப் பங்கு உண்டு.

முதலாவது 2017-ல் வெளியானது. 38 அம்மாக்கள், 2 வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் பிள்ளைக்கு இரண்டு புதுச் சொற்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது நடுவில் போன் அழைப்பு வரும், மற்றதற்கு வராது. இரண்டு சொற்களும் பிள்ளையின் காதில் விழுந்த தடவைகள் சமம். குறுக்கீடு இல்லாத சொல்லைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். போன் நடுவில் வந்த சொல்லைக் கற்கவில்லை.

இரண்டாவது 2014-ல் வந்தது. இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று விதமாகச் சொல் கற்பித்தார்கள்: நேரில், வீடியோ அழைப்பில், பதிவு செய்த வீடியோவில். நேரிலும் வீடியோ அழைப்பிலும் கற்றார்கள். பதிவு வீடியோவில் கற்கவில்லை.

அதாவது, நாடா போய்த் திரும்பினால் கண்ணாடித் திரை வழியாகவும் துணி வளரும். திரும்பாவிட்டால் மடியில் வைத்துக்கொண்டிருந்தாலும் வளராது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் தங்கும் அப்பாக்களும், சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். வீடியோ அழைப்பை 5 முதல் 10 நிமிடத்துக்குள் வையுங்கள். அந்தப் பக்கம் போனைச் சாய்த்து நிறுத்தச் சொல்லி, பிள்ளையின் இரண்டு கையும் சும்மா இருக்கட்டும். "சாப்டியா, படிச்சியா" என்று விசாரிப்பதைக் குறைத்து, "உன்ற கையில என்னது அது? காட்டு" என்று பிள்ளை வைத்திருப்பதைத் தொட்டுப் பேசுங்கள்.

கீரை ஆய்வதும் கவனச் சிதறல்தானே?

நல்ல கேள்வி. அந்தக் காலத்து அம்மா நாள் பூராவும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டா இருந்தாள்? இல்லை. கறவை, களை, சமையல் என்று ஓயாத வேலை. அப்பா நாளிதழுக்குள் முகத்தை வைத்திருப்பார்.

வேறுபாடு இங்கே இருக்கிறது. முருங்கைக் கீரை ஆயும் அம்மாவை மூன்று வயதுப் பிள்ளை படிக்க முடியும். கொத்து இவ்வளவு இருக்கிறது, முறத்தில் இவ்வளவு சேர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சந்தான் என்று கண்ணுக்குத் தெரிகிறது. தானும் ஒரு ஈர்க்கை உருவிப் போடலாம். கை வேலை செய்ய, வாய் பேசிக்கொண்டே இருக்கும். நாளிதழைப் பிரித்தால் அப்பா செய்தி படிக்கிறார் என்று தெரியும். கடைசிப் பக்கம் வந்ததும் முடியும் என்பதும் தெரியும்.

போனில் இவை எதுவும் தெரியாது. மின் கட்டணம் கட்டும் முகமும், நாமக்கல் முட்டை விலை பார்க்கும் முகமும், ரீல்ஸ் பார்க்கும் முகமும் பிள்ளைக்கு ஒன்றுதான். எப்போது முடியும் என்பதற்கு அடையாளம் இல்லை. பல நேரம் முடிவதே இல்லை. பிள்ளைக்குத் தெரிவதெல்லாம், இப்போது கூப்பிட்டால் பதில் வருமா வராதா என்று சொல்ல முடியாது என்பதுதான்.

கை ஏன் தானாகப் போகிறது?

குளத்தில் தூண்டில் போட்டவர் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பார். மீன் மணிக்கொரு தடவை கடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் போய்விட்டு வருவார். எப்போது கடிக்கும் என்று தெரியாததுதான் பிடித்து வைக்கிறது. பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களிடம் இதைக் காட்டினார்: எத்தனை கொத்துக்கு இரை விழும் என்று தெரியாதபடி வைத்தால் புறா விடாமல் கொத்தும். வாட்ஸ்அப்பும் ரீல்ஸும் அப்படிப்பட்ட குளங்கள். மன உறுதி இல்லாதவர்தான் மாட்டுகிறார் என்பதில்லை.

போனை வைத்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும்போது மும்முனை மின்சாரம் நின்று வந்தால், மோட்டார் ஓடத் தொடங்கியதும் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்விடுமா? காய்ந்த வாய்க்கால் முதலில் குடிக்கும். அதன் பிறகுதான் பாத்தி. அதுபோல, ஒரு வேலையிலிருந்து மற்றதற்கு மாறும்போது மனதின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுவதற்குக் கவன மிச்சம் என்று பெயர். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதை விளக்கினார். இரவு எட்டரைக்கு, "நாளைக்கு ஷிப்மெண்ட், பீஸ் பத்தல" என்று ஒரு செய்தியைப் பார்த்துவிட்டால், போன் மேசைக்குப் போனாலும் நாம் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறோம். அடிக்கடி நின்று நின்று ஓடும் மோட்டாரால் வாய்க்கால்தான் நனைகிறது.

சுற்றிச் சுற்றி வருவது

தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இன்னொரு இடம், எது காரணம் எது விளைவு என்பது. போன் பார்ப்பதால் பிள்ளை அடம்பிடிக்கிறதா, பிள்ளை அடம்பிடிப்பதால் பெற்றோர் போனுக்குள் ஒதுங்குகிறார்களா? மெக்டேனியலும் ராடெஸ்கியும் 6 மாத காலம் குடும்பங்களைத் தொடர்ந்து கேட்டபோது இரண்டும் தெரிந்தது. பிள்ளையின் அடம் பெற்றோருக்கு அலுப்பைத் தருகிறது, அலுத்தவர் போனை எடுக்கிறார், குறுக்கீடு கூடுகிறது, அடம் வளர்கிறது. இவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். போன்தான் முழுக் காரணம் என்று இவற்றை வைத்துச் சொல்லக் கூடாது.

ராடெஸ்கியின் குழு, 2014-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பாஸ்டன் பகுதி உணவகங்களில் பிள்ளைகளோடு வந்த 55 பெரியவர்களைக் கவனித்தது. 40 பேர் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தார்கள். போனில் மூழ்கியிருந்தவர்களின் பிள்ளைகளில் சிலர் கவனத்தை இழுக்கச் சேட்டையைக் கூட்டினார்கள். சில பெரியவர்கள் எரிந்து விழுந்தார்கள். நம் வீட்டிலும் நடப்பதுதான். மெதுவாகக் கூப்பிட்டால் பதில் இல்லை, டம்ளரைத் தட்டிவிட்டால் உடனே பதில் வருகிறது. எது வேலை செய்கிறது என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது.

இதற்குள் ஒரு அநியாயமும் இருக்கிறது. இந்தப் பேச்செல்லாம் அம்மாவின் தலையில்தான் வந்து விழுகிறது. அப்பாவின் போனும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அப்புச்சி, அமுச்சி (அம்மாவைப் பெற்ற தாத்தா, பாட்டி) கையிலிருக்கும் போனும் அதே நூலைத்தான் அறுக்கின்றன. ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு வீடு சேர்பவருக்கு ஓய்வு தேவை. அந்த ஓய்வைப் பிள்ளை தூங்கிய பிறகு எடுத்துக்கொள்ள வீட்டில் மற்றவர்கள் வழிவிட வேண்டும்.

சுருக்கமாக: போன் தனியாகப் பேயல்ல. முடிவு தெரியாத, முகம் படிக்க முடியாத, அடிக்கடி வரும் அறுப்புதான் சிக்கல். ஆகவே செய்ய வேண்டியது அறுப்பைக் குறைப்பது, அறுந்தால் முடிச்சுப் போடுவது.

அறுப்பைக் குறைக்கும் வழிகள்

"இனி வீட்டுல போனே தொட மாட்டேன்" என்பது ஒரு வாரம் தாங்காது. வேலை, பணம், பள்ளிச் செய்தி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதனால் ஒரு மணி நேரத்தை மட்டும் காப்பாற்றுங்கள். எட்டரைக்கு வீடு வருபவருக்கு எட்டே முக்காலிலிருந்து ஒன்பதே முக்கால் வரை என்று வைத்துக்கொள்வோம்.

போன் அமைப்புகளில் 'தொந்தரவு செய்யாதே' வசதிக்குப் போய், அந்த ஒரு மணி நேரத்துக்குத் தினமும் தானாக இயங்கும்படி அட்டவணை போடுங்கள். விதிவிலக்கில் நட்சத்திரமிட்ட தொடர்புகளை மட்டும் அனுமதியுங்கள். ஊரிலிருக்கும் பெற்றோர், வேலையிடத்தில் ஒரே ஒருவர் போதும். 'மீண்டும் அழைப்பவர்கள்' என்பதையும் இயக்குங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும். ஐபோனில் இது 3 நிமிடம். அவசரம் எதுவும் தப்பாது என்று தெரிந்தால்தான் கை சும்மா இருக்கும். மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அவசரம்னா போன் பண்ணுங்கண்ணா, மெசேஜ் போட்டா பத்து மணிக்குத்தான் பார்ப்பேன்."

வாட்ஸ்அப் குழுக்களில் சத்தம் அடக்க 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என மூன்று வாய்ப்புகள் உண்டு. வேலைக்குழுவுக்கு 8 மணி நேரம், மாமன் மச்சான் குழுவுக்கு எப்போதும்.

இவற்றில் தவறுவது எங்கே? முதலாவது, அதிர்வு. மணியை அடக்கிவிட்டு அதிர்வை விட்டுவைத்தால், சட்டைப்பையில் 'விர்ர்' என்ற ஒவ்வொரு தடவையும் யார் என்று பார்க்கத் தோன்றும். போனைப் பையிலிருந்து எடுத்து வேறு அறையில், மணி கேட்கும் தூரத்தில் வையுங்கள். இரண்டாவது, மணி பார்ப்பது. மணி பார்க்க எடுத்த போன் பத்து நிமிடம் கழித்துத்தான் கீழே போகிறது. எடுத்தவருக்கு மணி என்ன என்பதும் நினைவிருக்காது. பிள்ளையோடு உட்காரும் அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டுங்கள். செலவு குறைந்த, பலன் மிகுந்த வழி இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

முதல் சில நாட்கள் பிள்ளை கூடுதலாக ஒட்டிக்கொள்ளும், சத்தமாகவே கூப்பிடும். பழைய கணக்கு மாற நாளாகும். மெதுவாகக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் உடனே திரும்பிப் பாருங்கள்.

வயதுக்கு ஏற்பச் சில இடங்கள் உள்ளன. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. எல்லாப் பாலூட்டலிலும் முடியாது, நடுராத்திரியில் விழித்திருக்கப் போன் உதவுகிறது என்றால் உதவட்டும். பகலில் சில தடவையாவது முகம் கொடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு, பள்ளி விட்டு வாசலுக்கு வந்து வண்டியில் ஏறும் முதல் ஐந்து நிமிடம். பதின்ம வயதினர் நீங்கள் கேட்கும்போது பேச மாட்டார்கள். இரவு பத்து மணிக்குத் தானாக வந்து நிலைப்படியில் சாய்ந்து நிற்கும்போது போனைக் கவிழ்த்துவிடுங்கள்.

2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை என்றால், போனைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைப் பார்ப்பார்கள்.

அறுந்தால் முடிச்சுப் போடுவது

எப்படிப் பார்த்தாலும் சில அழைப்புகளை எடுத்தே ஆக வேண்டும். டிரானிக்கின் ஆய்வுகள் காட்டிய ஆறுதலான விஷயம், நன்றாகப் பழகும் தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்திசைந்து இருப்பதில்லை என்பது. விலகுவார்கள், திரும்பச் சேர்வார்கள். சேர்வதைத்தான் குழந்தை கற்கிறது. இப்படித் திரும்பச் சேர்வதை மூன்று படியாகச் செய்யலாம்.

எடுக்கும் முன் சொல்லுங்கள்: "கண்ணு, கரண்ட் பில் கட்டறேன், கட்டிட்டு வெச்சர்றேன்." கீரைக் கொத்து போல அந்த வேலைக்கு ஒரு பெயரும் முடிவும் கிடைத்துவிடும். சொன்ன வேலையை மட்டும் செய்யுங்கள். முடிந்த கையோடு வேறொன்றைத் திறந்தால் அடுத்த தடவை பிள்ளை நம்பாது. முடிந்ததும் போனைக் கண்ணுக்குத் தெரியும்படி தள்ளி வைத்துவிட்டு, பிள்ளை விட்ட இடத்திலிருந்து நீங்களே எடுங்கள். "அப்பறம் என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைப் பிடித்துக் கேட்க வேண்டும்: "கோழி வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிருச்சுன்னு சொன்னியே சாமி, அதைய யாரு புடிச்சா?"